33 வயதில் ரிப்பீட்டர் பேட்ச்: 1,00,300 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

"பொண்ணா சார், பையனா?"

நீட் பயிற்சி மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. "எனக்குத்தாம்மா" என்றேன். பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி, "ரிப்பீட்டர் பேட்ச்தானே சார், ஆதார் ஜெராக்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று விண்ணப்பத்தை நீட்டிவிட்டார். தொழில் தெரிந்தவர்.

2024 ஜூன் கடைசி வாரம். எனக்கு அப்போது 33 வயது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியோடு ஒட்டிய ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் 13 வருடமாக லேப் டெக்னீஷியன். ப்ளஸ் டூ முடித்தது 2009ல், தமிழ் மீடியம், 1200க்கு 742. இயற்பியல் 96, வேதியியல் 104, உயிரியல் 131. அந்த 96லும் 48 பிராக்டிகலில் வாத்தியார் கருணையில் வந்தது. அன்றைய கணக்கில் மெடிக்கல் கட்-ஆஃப் 200க்கு 115.5. அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் 190ஐத் தாண்டியே ஆகவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. விண்ணப்பம்கூட வாங்கவில்லை. உசிலம்பட்டியில் பஸ் ஏறி மதுரைக்கு வந்து டிஎம்எல்டியில், அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில், சேர்ந்துவிட்டேன்.

இப்போது ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரிய கதை ஒன்றும் இல்லை. ரத்தத் துளியைக் கண்ணாடியில் பரப்பிய ஸ்மியரில் ஒரு கெட்ட செல்லைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், ஆனால் அதை நோயாளியிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 13 வருடம் சொல்லாமலே இருந்தாயிற்று. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பு பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30 என்று ஒரு கோடு இருந்தது, அதை எதிர்த்து வழக்கும் நடந்துகொண்டிருந்தது. கோடு போனதும் எனக்குச் சாக்கும் போய்விட்டது.

மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சேர்வதற்கு முன் மதுரையில் நாலைந்து இடத்தில் விசாரித்தேன், பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதனால் இதை ஒரு கடைக்கான விமர்சனமாக எடுத்துக்கொள்ளாமல் அந்தச் சரக்குக்கான விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏறியவர்கள், ப்ளஸ் டூவில் மார்க் குறைவாக எடுத்தவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே நீட் எழுத நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். இப்போதுதான் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

விலையில் தொடங்குகிறேன். நோட்டீஸில் 1,70,000. 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்' என்று 30 கேள்வி கொடுத்தார்கள். நான் 9 சரி போட்டேன், 50 சதவீதம் தள்ளுபடி. வாழ்க்கையில் முதல் ஸ்காலர்ஷிப் என்று உள்ளூரக் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனேன். பிறகுதான் தெரிந்தது, 26 போட்ட பையனுக்கும் 50தான். ஆக விலையே 85,000தான். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 15,300. மொத்தம் 1,00,300. மூன்று தவணை. முதல் தவணைக்கு மனைவியின் ஒரு ஜோடித் தோடு அடகுக்குப் போனது.

பணம் கட்டும் முடிவுக்கு என்னைத் தள்ளியது ஒரே ஒரு வாக்கியம். ஆலோசகர் என்று அறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒடிசாவில் 64 வயதில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 2020ல் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேர்ந்த செய்தியை போனில் காட்டினார். உண்மைச் செய்திதான். பிறகு கேட்டார்: "கவர்மெண்ட் ஸ்கூலா சார்? தமிழ் மீடியமா? அப்போ உங்களுக்கு 7.5 இருக்கு. அதுல ரொம்பக் கம்மி மார்க்குக்கே சீட்டு."

7.5 என்பது தெரியாதவர்களுக்கு: அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு, 2020ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம். அதில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, எங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. நான் 10 வரை படித்தது உதவி பெறும் பள்ளியில். 11, 12 மட்டும் அரசு மேல்நிலைப் பள்ளி.

இது எனக்கு எப்போது தெரிந்தது? பிப்ரவரியில், படிப்புச் சான்று வாங்கப் பழைய பள்ளிக்குப் போனபோது. எழுத்தர் பீரோவுக்குள் தலையை விட்டு 2002ஆம் வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிக்கொண்டே, "எதுக்குப்பா இப்ப?" என்றார். சொன்னேன். தலையை வெளியே எடுக்காமலே, "நம்ம பள்ளிக்கூடம் எய்டட்லப்பா, 7.5 கெடைக்காதே" என்றார். மாதம் இருபதாயிரத்துச் சொச்சம் சம்பளம் வாங்கும் ஒரு எழுத்தருக்குத் தெரிந்த விஷயம், 1,00,300 வாங்கிய ஆலோசகருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மையத்துக்கு வந்து கேட்டபோது, "அப்படியா சார், எதுக்கும் அப்ளை பண்ணிப் பாருங்க" என்றார். ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே உங்கள் மாற்றுச் சான்றிதழை எடுத்து வைத்து, ஒவ்வொரு வகுப்பையும் எந்த வகைப் பள்ளியில் படித்தீர்கள் என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை.

விண்ணப்பத்தில் 'பெற்றோர் செல்பேசி எண்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாதாம். என் அப்பாவிடம் போன் கிடையாது. மனைவி எண்ணைக் கொடுத்தேன். அதன் பலனை வருடம் முழுக்க அனுபவித்தேன். காலையில் பயோமெட்ரிக்கில் விரல் வைக்காவிட்டால் 9.15க்கு அவளுக்குச் செய்தி போய்விடும்: "அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை." முதல் தடவை சிரித்தாள். நாலாவது தடவை, "என்ன தம்பி, எங்க சுத்திக்கிட்டு இருந்தீக?" என்று வாசலிலேயே விசாரணை. மூன்றாவது படிக்கும் என் மகளுக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் அந்த வருடம் இருக்கவில்லை.

வகுப்பு காலை 8.30 முதல் 1.30 வரை. அதற்குப் பிறகு மாலை 6 வரை 'ஸ்டடி ஹவர்'. எனக்கு 2 மணிக்கு லேபில் ஷிஃப்ட், இரவு 10 வரை. ஸ்டடி ஹவருக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ், நமக்கு வேண்டாமென்றால் குறைக்கமாட்டார்கள். கேட்டுப் பார்த்தேன், "பேக்கேஜ் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

ஒரே ஹாலில் 120 பேர். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் 11 பேர், என்னையும் சேர்த்து. எல்லாரும் கடைசி இரண்டு பெஞ்சில் தானாகவே ஒதுங்கிவிட்டோம். பிள்ளைகள் என்னை "அண்ணே" என்றார்கள், ஒரு பெண் மட்டும் "மாமா". பாடம் நடத்துபவர்களில் பாதிப்பேர் என்னைவிட இளையவர்கள், அவர்கள் "சார்". நானும் அவர்களை "சார்". மரியாதைக்குக் குறைவே இல்லை.

பாடம் எப்படி? வேகம். ஏற்கெனவே இரண்டு வருடம் இந்தப் பாடத்தை உருட்டியவனுக்கு வைத்த வேகம். ரிப்பீட்டர் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது, திரும்பப் படிப்பவன். நான் திரும்பப் படிக்க வரவில்லை, மறந்து போனதை முதலிலிருந்து படிக்க வந்தவன். நாலாவது நிறுத்தத்தில் கிளம்பும் பஸ்ஸுக்கு முதல் நிறுத்தத்தில் நின்று டிக்கெட் வாங்கியது போல ஆகிவிட்டது. முதல் வாரம் வெக்டர். கரும்பலகையில் அவர் சைன் தீட்டா எழுதும்போது நான் சைன் என்றால் எதிர்ப்பக்கமா அடுத்துள்ள பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு: 720க்கு 148. உயிரியல் 128, வேதியியல் 24, இயற்பியல் மைனஸ் 4. ஆமாம், மைனஸ். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். 2 சரி, 12 தவறு. ஒன்றுமே எழுதாமல் தூங்கியிருந்தால்கூட நாலு மார்க் கூடியிருக்கும். அந்தச் செய்தியும் மாலையில் 'பெற்றோருக்கு'ப் போய்ச் சேர்ந்தது.

உயிரியல் எனக்குச் சுலபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். தினமும் கையில் ரத்தம். ஆனால் முதல் அடி விழுந்ததே ரத்தப் பாடத்தில்தான். வெள்ளணுக்கள் எண்ணிக்கை எவ்வளவு? எங்கள் லேப் ரிப்போர்ட்டில் 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று அச்சடித்திருப்போம். என்சிஇஆர்டி புத்தகத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சராசரியாக 6,000 முதல் 8,000. தட்டணுக்கள் நாங்கள் நாலரை லட்சம் வரை விடுவோம், புத்தகம் மூன்றரை லட்சத்தில் நிறுத்துகிறது. லிம்ஃபோசைட் 40 சதவீதம் வந்தாலும் நான் கண்டுகொள்ளாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன், புத்தகத்தில் 20 முதல் 25. 13 வருடமாக நியூபவர் சேம்பரில் கண்ணைச் சுருக்கி எண்ணிய ஆள், ரத்த அணு கேள்வியில் மைனஸ் வாங்கினேன். பக்கத்தில் இருந்த 18 வயதுப் பையன், வாழ்நாளில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு நியூட்ரோஃபிலைப் பார்த்தறியாதவன், நாலு மார்க்கை அள்ளிக்கொண்டு போனான். அவன்மேல் தப்பில்லை. தேர்வு கேட்பது புத்தகத்தின் எண்ணை. என் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது அதற்கு வேண்டாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நர்ஸ், ஃபார்மசிஸ்ட், லேப் ஆட்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: வேலையில் தெரிந்ததை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போங்கள். என்சிஇஆர்டியின் வரி அப்படியே கேள்வியாக வரும், உங்கள் அனுபவத்துக்கு அங்கே மார்க் கிடையாது.

பாடப்புத்தகக் கட்டு பற்றி. சேர்ந்த அன்றே 14 புத்தகம், ஒரு பை, ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். டீ-ஷர்ட் மீடியம் சைஸ், என் தொப்பைக்கு ஏறவில்லை. புத்தகங்கள் ஆங்கிலத்தில் மட்டும். 2024 தேர்விலிருந்தே பாடத்திட்டத்தில் பல பகுதிகளை எடுத்துவிட்டார்கள்: திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், உயிரியலில் செரித்தலும் உட்கிரகித்தலும். மையத்தின் வேதியியல் புத்தகத்தில் திடநிலைமை 60 பக்கம் அப்படியே இருந்தது. நான் அதை நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன், படிகக்கூட்டில் எத்தனை அணு என்று எண்ணி எண்ணி. ஐந்தாம் நாள் ஒரு பெண் பிள்ளை, "அண்ணே, அது சிலபஸ்லயே இல்லண்ணே" என்றாள். பழைய சரக்கைத் தீர்க்கிறார்கள் போல. எந்த மையத்தில் சேர்ந்தாலும் பாடத்திட்டப் பட்டியலை இறக்கிப் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வைத்துப் பாருங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கிடைத்தது இன்னும் மோசம். நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு, தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகி வரும். குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி. 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று இதே மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் 196 மார்க் கொடுக்கச் சொன்னதும், உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பலருக்கு ஞாபகமிருக்கலாம். அதனால் தமிழில் பயிற்சித் தேர்வு வேண்டும் என்று நாங்கள் 11 பேரும் போய் நின்றோம். டிசம்பரில் மூன்று தாள் வந்தது. கணினியில் போட்டு அப்படியே எடுத்த மொழிபெயர்ப்பு. 'மின்னோட்டம்' வரவேண்டிய இடத்தில் 'தற்போதைய', 'வில்லையின் திறன்' வரவேண்டிய இடத்தில் 'லென்ஸின் அதிகாரம்'. கடைசி பெஞ்சு அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கண்காணிப்பாளர் இரண்டு முறை எழுந்து வந்தார். நான்காவது தாளை நாங்கள் கேட்கவில்லை. அரசுப் பாடநூல் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கலைச்சொற்களை அதிலிருந்து எடுத்து ஆங்கிலச் சொல்லுக்கு நேரே எழுதி ஒரு 80 பக்க நோட்டு போட்டேன். நிலைமத் திருப்புத்திறன் என்று அதில் எழுதிப் பார்க்கும்போது 2009ன் வகுப்பறை வாசனையே வந்துவிட்டது. அந்த நோட்டு இப்போது ஆறு பேரிடம் ஜெராக்ஸாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பணம் வீண் என்றா சொல்கிறேன்? இல்லை. இரண்டு விஷயம் அந்தக் காசுக்குப் பெறும்.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு. உண்மையான ஓஎம்ஆர் தாள், உண்மையான நேரம், மதியம் 2 மணிக்கே ஆரம்பம், ஏனென்றால் நீட்டும் 2 மணிக்குத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கண் சொக்காமல் உட்காருவது 18 வயதில் ஒரு விஷயமே இல்லை, 33ல் அது தனிப் பயிற்சி. ஓஎம்ஆரில் வட்டம் அடைப்பதற்கே எனக்கு முதலில் 20 நிமிடம் தின்றது. 2025 ஜனவரியில் தேர்வு முறையையே மாற்றினார்கள். விருப்பக் கேள்விகள் போய் 180 கேள்வி, 180 நிமிடம் என்று ஆனது. அடுத்த ஞாயிறே மையத்தின் தாளும் மாறிவிட்டது. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. எந்தக் கேள்வியை எத்தனை பேர் தப்பாகப் போட்டார்கள் என்று திங்கட்கிழமை ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். எல்லாரும் சரியாகப் போட்டு நான் மட்டும் தப்பாகப் போட்டவை எவை என்பதைத்தான் நான் தேடுவேன். என் ஓட்டைகள் எங்கே என்று எனக்குக் காட்டியது அந்தத் தாள்தான்.

இரண்டு, இயற்பியல் சந்தேக மேசை. சரியாகச் சொன்னால் மேசை அல்ல, அதில் உட்கார்ந்திருந்த தம்பி. 26 வயதிருக்கும். வகுப்பு முடியும் 1.30க்கும் என் ஷிஃப்ட் தொடங்கும் 2க்கும் நடுவே லேபுக்கு ஓட 10 நிமிடம் போக, எனக்கு மிச்சம் 20 நிமிடம். தினமும் அந்த 20 நிமிடம் அவரிடம். மூன்றாவது நாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஃபிசிக்ஸ்ல ஃபெயில் இல்ல, ஒன்பதாங்கிளாஸ் கணக்குல ஃபெயில்."

தப்பாக நினைத்தேன், அன்று மாலை வரை. இரவு உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னதுதான். சூத்திரம் ஞாபகமிருந்தது. 6.6ஐயும் 10ன் அடுக்கு மைனஸ் 34ஐயும் வைத்துக்கொண்டு வகுக்கத் தெரியவில்லை. கால்குலேட்டர் கிடையாது. லேபில் எந்திரமே வகுத்துத் தந்துவிடும், என் கை அந்த வேலையை மறந்து பல வருடமாகிவிட்டது. 9, 10ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கச் சொன்னார். அடுக்குக்குறி, முக்கோணவியல், வரைபடத்தில் சாய்வு கண்டுபிடிப்பது. 37 டிகிரிக்கு சைன் என்றால் 5ல் 3 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கணக்கு முடிந்தது என்பார். என் மகள் பக்கத்தில் வாய்ப்பாடு சொல்ல, நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போட, எங்கள் செல்லூர் வீட்டில் ஆகஸ்ட், செப்டம்பர் அப்படிப் போனது. இயற்பியல் மைனஸிலிருந்து நவம்பரில் 40ஐத் தொட்டது. 40 என்ன பெரிய மார்க்கா என்று கேட்பவர்கள் மைனஸில் இருந்து பார்த்ததில்லை.

டிசம்பரில் அந்தத் தம்பி வேறொரு ஊரில் வேறொரு மையத்துக்குப் போய்விட்டார். சம்பளம் கூடவாம். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த மேசை அதன்பின் பெரும்பாலும் காலி. கேட்டால் "புது ஃபேக்கல்டி வர்றாங்க சார்". பொங்கலுக்குப் பிறகு வந்தவர் சந்தேகம் கேட்டால் அதே பாடத்தின் வீடியோ இணைப்பை அனுப்புவார். விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் ஆசிரியர்கள் வருடம் முழுக்க இருப்பார்களா என்று கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். தரமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

ஜனவரி முதல் நான் வகுப்புக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மனைவிக்குச் செய்தி மேல் செய்தி. அந்த நேரத்தில் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். 2023 ஜூலையில் திறந்தது, ஏசி, காசு கிடையாது, யாரும் தள்ளுபடி தருவதாகக் கூப்பிடுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தில் என் வயதுக்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள், குரூப் 4க்கோ டெட்டுக்கோ. முதல் தடவையாக யாரும் என்னை 'அண்ணே' என்று கூப்பிடாத இடம்.

2025 மே 4, ஞாயிறு. 1.30க்குக் கதவை மூடிவிடுவார்கள் என்பதால் 11 மணிக்கே போய் நின்றேன். அரைக்கைச் சட்டை, செருப்பு, வாட்டர் பாட்டில். இயற்பியல் பகுதியைத் திறந்ததும் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். வெளியே வந்தால் 18 வயதுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், நாடு முழுக்க அதே பேச்சு. அந்த வருடம் முதலிடம் பிடித்தவருக்கே 686தான்.

ஜூன் 14 ரிசல்ட். உயிரியல் 244, வேதியியல் 60, இயற்பியல் 27. மொத்தம் 331.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் பழைய ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்து வந்து மூன்று பாடத்தையும் கூட்டினாள். 96, 104, 131. "ஏங்க, பதினாறு வருஷம் கழிச்சும் அதே 331ஆ?" நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

331 எதற்குப் பெறும்? தகுதி மார்க்கைத் தாண்டிவிட்டது. 2025ல் பொதுப்பிரிவுக்கு 144, ஓபிசிக்கு 113. ஆனால் தகுதி வேறு, சீட் வேறு. இதுதான் இந்தத் தொழிலின் பெரிய கண்கட்டு. ஃப்ளெக்ஸில் 'நீட்டில் வெற்றி' என்று எத்தனை பேர் என்று போட்டிருந்தாலும், அதில் அரசு மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்கள் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். எனக்கு அரசு எம்பிபிஎஸ் கிடைக்காது, 7.5உம் இல்லை, தனியார் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு நான் என் கிட்னியை விற்றாலும் ஒரு வருடம்கூடத் தாங்காது.

ரிசல்ட் வந்த வாரமே மையத்தில் 'வழிகாட்டும் கருத்தரங்கு'. போனால் மேடையில் வெளிநாட்டு எம்பிபிஎஸ் ஏஜெண்ட். ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று படம் காட்டினார், சமோசா கொடுத்தார். படிப்பு 54 மாதம் இருக்கவேண்டும், தனியாக ஒரு வருடம் பயிற்சி வேண்டும், திரும்பி வந்து இங்கே தேர்வும் எழுதவேண்டும் என்ற விதிகளை யாரோ ஒரு அப்பா எழுந்து கேட்டபோது, "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார். நான் சமோசாவோடு கிளம்பிவிட்டேன். திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி கல்லூரி இருக்கிறது, பாளையங்கோட்டையில் சித்தா இருக்கிறது, அதற்கும் நீட் மார்க்தான். அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை, கமிஷன் வராத ஊர்கள்.

வெளியே வரும்போது அந்த வரவேற்புப் பெண் கூப்பிட்டார். "சார், உங்க போட்டோ ஒண்ணு வேணும். வெள்ளைக் கோட்டு நாங்களே தர்றோம். '33 வயதில் சாதனை'ன்னு ஃப்ளெக்ஸ். உங்களுக்கு அடுத்த வருஷம் ரிப்பீட்டர் பேட்ச் பாதி ஃபீஸ்."

"பேட்ச் வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமை டெஸ்ட் மட்டும் எவ்வளவு?"

"டெஸ்ட் சீரிஸ் 6,000 சார், ப்ளஸ் ஜிஎஸ்டி. போட்டோ கொடுத்தீங்கன்னா ஃப்ரீ."

7,080 ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். விண்ணப்பத்தில் அதே கட்டம், பெற்றோர் செல்பேசி எண். பழைய எண்ணையே எழுதினேன்.